முதல் முப்பது வரி

கண்ணை வாடகைக்கு வாங்குகிறவன் அது எவ்வளவு தூரம் பார்க்க வேண்டும் என்பதையும் சேர்த்தே பேசி முடித்துவிடுவான். ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணிக் குடோனுக்கு மேல்மாடியில் இருந்த அந்த ஆபீஸில் அதைச் சுவரிலேயே ஒட்டி வைத்திருந்தார்கள். 'முதல் முப்பது வரி'. வேறு ஒன்றும் அதில் இல்லை. புதிதாக வருகிற பெண்கள் ஏதோ வேத வாக்கு என்று நினைத்து முதல் நாள் அதையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். ரமீஜாவும் பார்த்தாள். பதினோரு மாதமாகிவிட்டது, இப்போது கண் அந்தப் பக்கம் போவதில்லை.

வேலை என்னவென்று அவள் அம்மா அப்ரோஸ் பேகத்துக்கு விளக்குவதற்குள் இரண்டு ஈடு இடியாப்பம் வெந்து இறங்கிவிட்டது. சாப்ட்வேர் எழுதுகிறவன் எல்லாவற்றையும் தானே எழுதுவதில்லை. எங்கோ ஒருத்தன் எழுதிப் பொதுவில் வைத்ததை எடுத்துத் தன்னுடையதோடு சேர்த்துக்கொள்வான். பொதுவில் வைத்தவனும் சும்மா வைப்பதில்லை. கோப்பின் தலையில் தன் பெயரையும், எடுத்துக்கொள்கிறவன் என்ன செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்பதையும் எழுதி வைப்பான். அதற்கு லைசென்ஸ் என்று பெயர். ஒரு கம்பெனியை இன்னொரு கம்பெனி விலைக்கு வாங்கும்போது, எந்தக் கோப்பில் எவன் லைசென்ஸ் இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும்.

"நெலம் வாங்குறவன் வில்லங்கம் போட்டுப் பாக்குறதில்லையாம்மா, அது மாதிரி."

"அப்ப நீ சப்ரிஜிஸ்தர் ஆபீஸ் வேலை பாக்கன்னு சொல்லு." அம்மாவுக்கு அது போதுமானதாக இருந்தது. தெருவிலும் அப்படியே சொல்லிவிட்டாள்.

ஆபீஸில் பதினோரு பெண்கள். மெஷின் ஒரு தடவை எல்லாவற்றையும் பார்த்துவிடும். மெஷினுக்குப் பிடிபடாததை இவர்கள் பார்க்க வேண்டும். ஒருத்திக்கு நாளைக்கு நானூறு கோப்பு. முப்பத்தோராவது வரியைப் பார்க்க உட்கார்ந்தால் நானூறு ஆகாது. தலையில் லைசென்ஸ் இருந்தால் எது என்று குறி. இல்லாவிட்டால் 'சொந்தம்' என்று குறி. அவ்வளவுதான். பக்கத்து நாற்காலி காளீஸ்வரி சுந்தரபாண்டியத்துக்காரி, வாய் சும்மா இருக்காது. எம்.ஐ.டி. லைசென்ஸ் பெயரை மட்டும் எடுக்காதே, மற்றதை அள்ளிக்கொண்டு போ என்று சொல்லும். அதற்கு அவள் வைத்த பெயர் 'தர்மப் பிரபு'. ஜி.பி.எல். அப்படி இல்லை. என்னுடையதை எடுத்து வெளியே விற்றால் உன்னுடையதையும் திறந்து காட்டு என்று நிற்கும். அதற்கு 'மாத்துச் சம்பந்தம்'.

"பொண்ணு எடுத்தா பொண்ணு குடுக்கணும்டி. அதான் கம்பெனிக்காரனுக்கு அம்புட்டுப் பயம்" என்பாள்.

கீழே குடோனில் சலவைத் துணியின் நெடி மேலே வரும். ஐப்பசி பிறந்து மேற்கு மலையில் மேகம் இறங்கிவிட்டதால் ஜன்னலையும் சாத்தி வைத்திருந்தார்கள். நெடி போக வழியில்லாமல் மத்தியானச் சோற்றிலும் ஏறி உட்கார்ந்தது.

ரமீஜாவின் அண்ணன் பாரூக் மூன்று வருஷமாகக் கட்டிலில் இருந்தான். சிவகாசி ரோட்டில் பைக்கில் வந்தவனை லோடு வண்டி தட்டிவிட்டுப் போனது. இடுப்புக்குக் கீழே மரத்துப்போனது. அதற்கு முந்தின வருஷம்தான் கொரோனாவில் அவர்கள் அத்தா மதார் சாகிப் மவுத்தாகியிருந்தார். கெட்ட காலம் வந்தால் ஒற்றையாக வருவதில்லை, சொந்தக்காரர்களைப் போல ஒருத்தர் கையை ஒருத்தர் பிடித்துக்கொண்டு வரும். மடவார் வளாகம் பஸ் ஸ்டாப் பக்கம் அத்தா நடத்திய இடியாப்பக் கடை மூடியது. அம்மா வீட்டு வாசலிலேயே காலையில் அவித்து விற்றாள். பாரூக்கின் லேப்டாப்பையும் ஆஸ்பத்திரி தின்றது.

அந்தப் பாரூக் இப்போது மூன்று நாளாகச் சிரித்துக்கொண்டிருந்தான். பெங்களூர்க் கம்பெனி ஒன்று வீட்டிலிருந்தே செய்கிற வேலைக்கு ஆள் தேடியது. போனிலேயே நாற்பது நிமிஷம் பேசினார்கள். பதில் எல்லாம் பிடித்துப்போனது. கடைசியில், நீ எழுதினது ஏதாவது காட்டு என்று கேட்டார்கள். பாரூக் ஒன்றைச் சொன்னான்.

கல்லூரியில் படிக்கும்போது எழுதியது அது. அத்தா கடைக்கு ஒரு சின்ன பில் மெஷின் வாங்கினார். அது தமிழை அடித்துத் துவைத்தது. கொம்பு ஒரு வரியில் நிற்கும், எழுத்து மறுவரியில் கிடக்கும். இரண்டு மாதம் ராவும் பகலும் உட்கார்ந்து பாரூக் அதைச் சரிசெய்தான். எந்த மெஷினில் போட்டாலும் தமிழ் சிதறாமல் அச்சாகிற மாதிரி எழுதினான். கல்லூரியின் இணையப் பக்கத்தில் போட்டு, தலையில் ஒரு வரி எழுதினான். யாரும் எடுத்துக்கொள்ளலாம், என் பெயரை மட்டும் எடுக்காதீர்கள். கேட்ட கடைக்காரர்களுக்குப் பென்டிரைவில் சும்மாவே கொடுத்தான். பிறகு கல்லூரி அந்தப் பக்கத்தையே மூடிவிட்டது, கடைக்காரர்களிடமும் பழைய பென்டிரைவ் எதுவும் மிஞ்சவில்லை.

போன மாதம் அம்மா மாத்திரை வாங்கி வந்த பில்லைப் பாரூக் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பொறவு, "ஏட்டி, இது என்னோடதுட்டி" என்றான். மதுரைக் கம்பெனி ஒன்று அதைத் தன் பில் சாப்ட்வேரில் வைத்து ஊரெல்லாம் விற்றுக்கொண்டிருந்தது. வார்த்தை நீளமானால் அது மடிக்கிற விதம் பாரூக்கின் விதம். பெற்ற பிள்ளையின் நடை தகப்பனுக்குத் தெரியாமல் போகுமா.

கோபப்படுவான் என்று ரமீஜா நினைத்தாள். அவனுக்குச் சந்தோஷம்தான்.

"எம்புட்டுக் கடையில ஓடுது பாத்தியா" என்றான்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு ரமீஜாவின் திரையில் நூற்றுப் பதினேழாம் நம்பர் வேலை வந்தது. யாருடைய கோப்பு என்று சொல்லமாட்டார்கள், நம்பர் மட்டும்தான். தலையில் 'அனைத்து உரிமையும் கம்பெனிக்கே' என்று ஒரே ஒரு வரி. சொந்தம், சொந்தம், சொந்தம் என்று அடித்துக்கொண்டே போனாள். அறுபதாவதோ என்னவோ, ஒரு கோப்பில் மவுஸ் சக்கரம் கை தவறி உருண்டுவிட்டது. திரை கீழே ஓடி இருநூற்றுச் சொச்சம் வரியில் நின்றது.

அங்கே ஒரு மாதிரி பில் இருந்தது. எழுத்து ஒழுங்காக அச்சாகிறதா என்று சோதிக்க எழுதி வைத்தது.

மதார் சாகிப் இடியாப்பக் கடை, மடவார் வளாகம். இடியாப்பம் நான்கு. தேங்காய்ப்பால் ஒன்று. அதற்கு அடியில் இங்கிலீஷ் எழுத்தில் தமிழாக ஒரு குறிப்பு. அத்தா கண்ணாடி போட்டுப் பார்த்தாச்சு, எழுத்து சரி.

தலையில் இருந்த பெயரை வெட்டியவன் அவ்வளவு தூரம் கீழே வந்து பார்க்கவில்லை. திருடனும் முதல் முப்பது வரிதான் பார்த்திருக்கிறான்.

அத்தா அந்தச் சின்னத் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி இறக்கி, ஒரு எழுத்தும் விடாமல் பார்த்தது ரமீஜாவின் கண் முன்னால் வந்தது. எழுந்து நேரே விக்னேஸ்வரனிடம் போனாள். அவர்தான் மேற்பார்வை. கெட்ட மனுஷன் இல்லை, பஸ் லேட்டானால் கூடக் கேட்கமாட்டார். ஆனால் வருகிற வேலையெல்லாம் அவர் கழுத்தில்தான் விழும்.

"சார், நூத்திப் பதினேழுல ஒரு கோப்பு. கீழ ஒரு ஆளு பேரு இருக்கு."

"கீழன்னா?"

"இருநூறு வரிக்கு அங்கிட்டு."

"அங்க ஏம்மா போன?"

"கை தவறிருச்சு சார்."

அவர் மூக்கைத் தேய்த்துக்கொண்டார். "தெரிஞ்ச ஆளா?"

ரமீஜா வாயைத் திறந்தாள். கருத்தம்மாவின் காலி நாற்காலி அவர் பின்னால் சுவரோரம் கிடந்தது. மார்ச்சில் கருத்தம்மா இப்படித்தான், சார் இது எங்க மாமா வேலை பாக்குற கம்பெனி மாதிரி தெரியுது என்று ஒரு வார்த்தை சொன்னாள். சொந்தம் பந்தம் இருக்கிற வேலையை வாங்குகிறவன் ஒப்புக்கொள்ளமாட்டான் என்று அந்த வேலையே கைவிட்டுப் போனது. மறு வாரம் கருத்தம்மா வரவில்லை. ரமீஜாவுக்கு அடுத்த மாதம் நிரந்தரம் ஆக வேண்டும். கட்டிலில் கிடக்கிறவனுக்கு மாத்திரை அவள் சம்பளத்தில்தான் வருகிறது.

"இல்ல சார். சும்மா கேட்டேன்" என்றாள்.

பெற்ற தகப்பனைத் தெரியாது என்று சொல்ல அவளுக்கு ஒரு மூச்சு நேரம்கூட ஆகவில்லை.

"அப்ப எதுக்குப் பயப்படுத. ஆளு பேரு இருந்தா அதுக்குத்தான் ஒரு கட்டம் இருக்கே. தனிநபர் பெயர்னு. டிக்கப் போட்டு, எந்த வரின்னு எழுதிரு. மேலிடம் பாத்துக்கிடும்."

அந்தக் கட்டத்தை அவள் இதுவரை தொட்டதில்லை. மேலிடம் என்றால் வாங்குகிற வெளிநாட்டுக்காரன் என்று அவளாக நினைத்துக்கொண்டாள். அவன் படிப்பான், யார் இந்த மதார் சாகிப் என்று கேட்பான், கேள்வி அங்கிருந்து வந்தால் நம்மேல் யாரும் விரல் நீட்ட முடியாது. சொல்லாமலே சொன்ன மாதிரியும் ஆகும். பாம்பும் சாக வேண்டும், கோலும் முறியக் கூடாது. லைசென்ஸ் கட்டத்தில் 'சொந்தம்' என்று அடித்தாள். தனிநபர் பெயர் கட்டத்தில் டிக் போட்டு வரி நம்பரை எழுதினாள். யாரென்று விசாரிக்கவும் என்றும் சேர்த்து எழுதினாள். பெரிய வீரம் செய்துவிட்ட மாதிரி அவளுக்கு வியர்த்தது.

சாயங்காலம் ராஜபாளையத்திலிருந்து திரும்புகிற பஸ்ஸில் மழை. ஷட்டரை இறக்கிவிட்டு எல்லோரும் புழுக்கத்தில் நின்றார்கள். அவளுக்கு அதுகூட நன்றாகத்தான் இருந்தது. வீட்டில் பாரூக் தலையணையை முதுகுக்கு வைத்து நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். அம்மா மறுநாளைக்கு அரிசி மாவை வறுத்துக்கொண்டிருந்தாள்.

"பெங்களூர்க்காரவுங்க பேசுனாங்க" என்றான் பாரூக். "அந்த மதுரைக் கம்பெனிகிட்டயே கேட்டுக்கிடுதோம்னு சொல்லிட்டாங்க."

"அவன் இல்லேன்னு சொன்னா?"

"எப்படி இல்லேம்பான்? மேல உள்ள எம் பேர எடுத்துருப்பான், அது எனக்குத் தெரியாதா. அடியில அத்தா கடை பில்லு கெடக்குல்லா. அத வேற எவன் எழுதுவான். அந்த வரியக் காட்டச் சொல்லுங்க சார்னு அவுங்ககிட்ட அடிச்சுச் சொல்லிட்டேன்."

அம்மா கரண்டியை நிறுத்தினாள். "அத்தா பேரா? அதுலயா இருக்கு?"

"ஆமாம்மா. அத்தா பேரு, கடை பேரு, இடியாப்பம், தேங்காப்பாலு எல்லாம் இருக்கு. நாலு இடியாப்பம்."

"நாலுதான் திம்பாரு" என்றாள் அம்மா. மாவு தீய்கிற வாசனை வந்த பிறகுதான் மறுபடி கிண்டினாள்.

சொல்லிவிடலாம் என்று ரமீஜாவுக்கு நாக்கு வரை வந்தது. நானும் பார்த்தேன் அண்ணே, நானே டிக் போட்டு அனுப்பியிருக்கேன். ஆனால் எல்லாம் கூடி வந்த பிறகு சொன்னால் இன்னும் நன்றாக இருக்கும் என்று அடக்கிக்கொண்டாள். அன்றைக்கு அவளும் நான்கு இடியாப்பம் சாப்பிட்டாள்.

திங்கட்கிழமை நூற்றுப் பதினேழு திரும்பி வந்தது. இரண்டாம் பார்வை, அதோடு கையெழுத்து. அவள் முதல் வேலையாக அந்தக் கோப்பைத் திறந்து, கை தவறாமலே கீழே போனாள். மாதிரி பில் இருந்த இடத்தில் வேறு ஒன்று இருந்தது. கடை பெயர், பொருள் ஒன்று, பொருள் இரண்டு. அடிக்குறிப்பு இல்லை. மேலேயும் கீழேயும் தேடினாள். மற்றக் கோப்புகளிலும் தேடினாள். எங்கேயும் இல்லை.

காளீஸ்வரி கருவாட்டுக் குழம்பு டப்பாவைத் திறந்துகொண்டே எட்டிப் பார்த்தாள். "என்னத்தட்டி தேடுத?"

"இதுல ஒரு பேரு இருந்துச்சு. தனிநபர்னு டிக் போட்டேன். இப்பக் காணும்."

"காணத்தான் காணாது. டிக் போட்டா அது எங்க போகும்னு நெனச்ச?"

"வாங்குறவன்கிட்ட."

"வெளங்கும். அது விக்கிறவன்கிட்டத்தான் திரும்பிப் போகும். இந்த வரியில ஆளு பேரு கெடக்கு, தொடச்சிட்டு அனுப்புன்னு. வாங்குறவன் கண்ணுக்குச் சுத்தமாப் போகணும்லா. அதுக்குத்தான் அந்தக் கட்டமே." ஒரு கவளம் பிசைந்தாள். "அவனுக்கே தெரியாம கெடந்ததை நீ வரி நம்பரோட எடுத்துக் குடுத்துருக்க. நல்லவேளைன்னு அவன் ஒனக்குக் கும்புடு போட்டுருப்பான்."

அவள் தமாஷாகத்தான் சொன்னாள். ரமீஜாவின் முகத்தைப் பார்த்ததும் சோற்றை அப்படியே வைத்துவிட்டாள். "யாருட்டி அது?" என்றாள். ரமீஜா திரையை மறுபடி மேலும் கீழும் உருட்டினாள்.

கையெழுத்துப் போடாமல் விட்டிருக்கலாம். அப்போதும் ஒரு வழி இருந்தது, அதை மறைத்து அவளுக்கு நல்ல பெயர் வாங்கித் தர இந்தக் கதைக்கு ஆசை இல்லை. பழைய பிரதி ஆபீஸ் மெஷினில் இன்னும் ஒரு நாள் இருக்கும், பொறவு தானாக அழியும். விக்னேஸ்வரனிடம் போய், சார், அது எங்க அத்தா, எழுதினது எங்க அண்ணன் என்று நான்கு வார்த்தை சொல்லியிருக்கலாம். மூன்று தடவை எழுந்தாள். ஒரு தடவை பாத்ரூமுக்குப் போய் வந்தாள். ஒரு தடவை தண்ணீர் குடித்தாள். மூன்றாம் தடவை அவரே எதிரே வந்தார்.

"ரமீஜா, நாலு மணிக்குள்ள அனுப்பணும். ஒங்கையெழுத்து மட்டும்தான் பாக்கி. இந்தா, இதையும் வச்சுக்கோ. ஒரு மாசம் முன்னாடியே வாங்கிட்டேன், மத்தவளுகட்ட சொல்லாத." நிரந்தர ஆணை. கவரின் மேல் அவள் பெயரைத் தெளிவாக அடித்திருந்தார்கள்.

"வெள்ளிக்கிழமை சொன்னேனே சார், அந்தப் பேரு..."

"அதான் எடுத்துட்டானே. என்ன இப்ப? தெரிஞ்ச ஆளு இல்லேன்னு நீதான சொன்ன?"

"ஆமா சார்."

"பொறவென்ன."

மூன்று ஐம்பதுக்குக் கையெழுத்துப் போட்டாள்.

அன்று வீட்டில் கவரைக் காட்டவில்லை. மறுநாள் செவ்வாய்க்கிழமை காட்டலாம் என்று பையிலேயே வைத்திருந்தாள். செவ்வாய்க்கிழமை அவள் வந்தபோது வாசலில் இட்டிலிச் சட்டி, இடியாப்ப அச்சு எதுவும் கழுவாமல் கிடந்தது. அம்மா கட்டில் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். பாரூக் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் கோபம் ஒன்றும் இல்லை. மூன்று வருஷமாக இருந்த முகம்தான் திரும்பி வந்திருந்தது.

"என்னண்ணே?"

"பெங்களூர்க்காரவுங்க மெயில் போட்டுருக்காங்க. மதுரைக் கம்பெனில கேட்டாங்களாம். எல்லாம் எங்க ஆளுக எழுதுனது, வெளிய எடுத்தது ஒரு வரி இல்ல, பாத்துக்கோங்கன்னு சான்றிதழ் அனுப்பிட்டாங்களாம். நான் சொன்ன அத்தா கடை பில்லும் இல்லியாம். கள்ளம் பேசுற ஆளு எங்களுக்கு வேண்டாம்னு முடிச்சுட்டாங்க." போனைக் கீழே வைக்காமலே பேசினான். "கம்பெனிக்காரன் தனியா வேற ஒண்ணு அனுப்பிருக்கான். எங்க சரக்க ஒஞ்சரக்குன்னு எப்படிச் சொல்லலாம், நான் எழுதலேன்னு ஒரு வாரத்துல எழுதிக் குடு, இல்லேன்னா போலீசுல குடுப்பேன்னு."

"போலீசா?" என்றாள் அம்மா. அவளுக்கு அந்த ஒரு வார்த்தைதான் விளங்கியது. "எந்திரிச்சு நிக்க முடியாதவன போலீசு என்ன செய்யும். என்ன கேக்காகளோ எழுதிக் குடுத்துருப்பா. நமக்கு எதுக்கு. அல்லா பாத்துக்கிடுவான்."

"எழுதத்தான் போறேன்மா."

ரமீஜா கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பாரூக் மெயிலோடு வந்திருந்த சான்றிதழைத் திறந்து போனை அவள் பக்கம் திருப்பினான். அவளுக்கு அது மனப்பாடம்தான். மேலே கட்டம், நம்பர், எல்லா வரிசையிலும் 'சொந்தம்'. அடியில், ஆய்வு செய்தவர், எம். ரமீஜா.

"நீ பாத்தியா அந்தப் பில்ல?" என்றான்.

"பாத்தேன்."

"இருந்துச்சா?"

"இருந்துச்சுண்ணே."

"கண்ணாடி போட்டுப் பாத்தாருன்னு எழுதிருந்தேனே, அதுவும்?"

"ம்."

அவன் தலையை ஆட்டிக்கொண்டான். அம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"பேர மட்டும் எடுக்காதீங்கன்னுதான எழுதுனேன்" என்றான் பாரூக். "முழுசா எடுக்கல. எம். ரமீஜா. அந்த எம் அத்தாதான. அம்புட்டு விட்டுவச்சிருக்க."

ரமீஜா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அடித்திருந்தால்கூடத் தேவலை. அவன் அடிக்கவில்லை, எழுந்து வரவும் அவனால் முடியாது. அலமாரியிலிருந்து வெள்ளைத் தாள் எடுத்து வரச் சொல்லி அம்மாவைக் கேட்டான். பரீட்சை அட்டையை மடியில் வைத்துக்கொண்டு நிதானமாக எழுதினான். அந்த நிரல் என்னால் எழுதப்பட்டது அல்ல. தவறான எண்ணத்தில் அவ்வாறு சொல்லிவிட்டேன். மன்னிக்க வேண்டுகிறேன். கீழே கையெழுத்துப் போட்டு, மை காய ஊதினான். பொறவு தாளை அவளிடம் நீட்டினான்.

"சரியா இருக்கான்னு பாத்துச் சொல்லு. நீதான பாக்குறவ."

கடிதம் பதினோரு வரிதான் இருந்தது. அதனால் அவள் முழுவதையும் படிக்க வேண்டியதாயிற்று.